கோடையும் எங்கள் மாட்டுப் பட்டியும்



மாடு என்ற சொல்லுக்குத் தமிழிலே செல்வம் என்ற பொருளும் உண்டு. கல்வியின் பெருமை பேசும் திருக்குறள் அதிகாரம் அந்தப் பொருளிலேயே அச்சொல்லை ஆள்கின்றது. மாடு மேயும் காட்டு நிலத்தை முல்லை என வகுத்து, அதற்குக் கார்காலத்தைப் பெரும்பொழுதாக வைத்தனர் நம் முன்னோர். முல்லைப் பாட்டுக்களிலே மழை பெய்யும், புல் தழைக்கும், பசுக்கள் கன்றை நினைத்து வீடு திரும்பும். அதே நிலம் கோடையிலே என்ன ஆகின்றது? வறண்டுபோன முல்லையும் குறிஞ்சியுமே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அந்த மாற்றத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். எனக்கு அதைக் காட்டித் தந்தது எங்கள் வீட்டு மாட்டுப் பட்டி.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலே பிறந்தவன். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சேர்த்து அறுபது மாடுகள் வரை இருந்தன. எல்லாம் ஊர் மாடுகள். சிறிய உடம்பு, கொஞ்சப் பால். பசுக்கள் பட்டியைப் பெருக்கும். நாம்பன்கள் இறைச்சிக்குப் போகும். எங்களுடையது சைவக் குடும்பம். மாட்டிறைச்சி எங்கள் வளவுக்குள் வந்ததில்லை. ஆனால் நான் படித்த புத்தகங்களும் அக்காவின் கலியாணச் செலவும் இறைச்சி வியாபாரி எண்ணித் தந்த பணத்திலே வந்தவை. இதை மறைத்துவிட்டுப் பட்டியின் அழகைப் பேசினால் அது பொய்யாகும்.

பெரும்போக விதைப்புத் தொடங்கும் புரட்டாதி, ஐப்பசியிலே மாடுகளை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்தி, மேற்கே மயிலத்தமடு, மாதவணைத் தரைகளுக்குச் சாய்த்துச் செல்வார்கள். அறுவடை முடிந்த பங்குனியிலே திரும்பக் கொண்டுவருவார்கள். சூடடித்த வயலிலே தாளும், சிந்திய நெல்லின் முளையும், வரம்புப் புல்லும் கிடைக்கும். வைகாசியிலே கச்சான் எழும்பும். மலைநாட்டின் மேற்கிலே மழையை இறக்கிவிட்டு, ஈரமில்லாமல் எங்கள் பக்கம் வரும் காற்று அது. சில நாட்களிலேயே தரையின் நிறம் மாறிவிடும்.

புல் இல்லாததால்தான் கோடையிலே மாடு சாகின்றது என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். அப்பா வேறு பாடம் சொன்னார். முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல் நின்ற ஒரு தரையிலே, சாணியைக் கம்பாலே தட்டிக் காட்டினார்.

“இதப் பாரு மகன். மாரியில சாணி பரந்து விழும். இப்ப வட்டு வட்டா இறுகிக் கிடக்கு. வயிறு நிறையுது, உடம்பில ஒட்டல்ல.”

அதற்கான காரணத்தைப் பிற்காலத்திலே படித்தேன். மாட்டின் முதல் இரைப்பையிலே வாழும் நுண்ணுயிர்களே புல்லைச் சமிக்கச் செய்கின்றன. அவற்றுக்கும் புரதம் வேண்டும். புல் முற்றிக் காய்ந்து, அதன் புரதம் நூற்றுக்கு 7 பங்கு அளவுக்குக் கீழே இறங்கினால் அவை சோர்ந்துவிடும். தின்றது வயிற்றிலே தங்கும். மாடு மேலும் தின்னாது. வயிறு நிறைந்த பட்டினி அது. பால் கொடுக்கும் தாய்ப்பசுதான் முதலில் எலும்பாகும்.

வைக்கோலுக்கு யூரியாக் கரைசல் தெளித்து, காற்றுப்புகாமல் மூடிவைத்துக் கொடுக்கும் முறை இப்போது உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா என்பது கணக்கு. எங்கள் பட்டி அறிந்த மருந்துகள் இரண்டுதான். ஒன்று விற்பது, மற்றது நடப்பது.

சித்திரை முடியுமுன் விற்றுவிட வேண்டும் என்பார் பெரியப்பா. நாம்பன்களும் பல் தேய்ந்த கிழட்டுப் பசுக்களும் சதை இருக்கும்போதே போய்விட்டால், மிச்சமுள்ளவற்றுக்குத் தரை காணும். ஒரு வருடம் அம்மா தடுத்தார். செங்காரி என்றொரு கிழட்டுப் பசு.

“என்ட கையால கஞ்சித் தண்ணி குடிச்ச மாடு கத்திக்குப் போகப்படாது” என்றார்.

அப்பா அந்த வருடம் ஒன்றையும் விற்கவில்லை. ஆவணியிலே குளம் வற்றி நடுவே சேறு மாத்திரம் கிடந்தது. தண்ணீருக்கு இறங்கிய மெலிந்த மாடுகள் காலை இழுக்க வலுவின்றி அதிலேயே படுத்துவிட்டன. கயிறு கட்டி இழுத்தோம். ஒன்பது மாடுகள் போயின. அவற்றுள் ஐந்து, கன்று ஈன்ற இளம் பசுக்கள். செங்காரி ஐப்பசி மழையைக் கண்டது.

“கத்திக்குக் குடுக்கிறதும் பாவம்தான். பசிக்குக் குடுக்கிறது அதவிடப் பாவம்” என்று அப்பா சொன்னது அன்றிரவுதான். அடுத்த சித்திரையிலே, செங்காரியின் கயிற்றை அம்மாவே அவிழ்த்து வியாபாரியின் கையிலே கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

நம் இலக்கியத்திலே வெட்சி சூடி நிரை கவர்ந்தவர்கள் உண்டு. கரந்தை சூடி மீட்டவர்கள் உண்டு. கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தவரின் இரவை எழுதியவர்கள் எத்தனை பேர்?

இனி, நடப்பது. குளம் வற்ற வற்ற அதன் உள்வாயிலே முளைக்கும் பச்சையைத் தேடி, காட்டோடையின் ஈரத்தைத் தேடிப் பட்டி நகரும். மாடு விட்டு நீங்கிய தரை மூச்சு வாங்கும், வேர் பிழைக்கும், முதல் மழைக்கே தளிர்க்கும். போக இடமின்றி ஒரே தரையிலே நின்றால் மாடு புல்லின் அடியையும் கரம்பிவிடும். வெயில் காய்த்த முல்லையை மழை மீட்கும். வழி அடைபட்ட முல்லையை மழையாலும் மீட்க முடியாது.

2023 செப்டெம்பரிலே மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள், தங்கள் மேய்ச்சல் தரையை வேறு ஆட்கள் பிடித்துப் பயிர் செய்வதை எதிர்த்துச் சித்தாண்டியிலே வீதியோரம் போராட்டம் தொடங்கினார்கள். செய்தியிலே அது காணிப் பிரச்சினை. பட்டிக்காரனுக்கு அது அடுத்த கோடையிலே எத்தனை மாடு மிஞ்சும் என்ற கணக்கு.

எங்கள் பட்டி இன்று இல்லை. குறிசுடும் இரும்பு ஒன்று என்னிடம் இருக்கின்றது. அப்பாவின் பழக்கமும் இருக்கின்றது. எந்த ஊருக்குப் போனாலும் வழியிலே கிடக்கும் சாணியைக் கவனிக்கின்றேன். பரந்து விழுந்திருந்தால், அந்த ஊர் மாடுகளுக்கு இன்னும் பச்சை கிடைக்கின்றது என்று மனம் ஆறுகின்றது.