ஒகேனக்கல் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நம்பர் பாருங்க

ஓசூர்ல இருக்கிற நமக்கு ஃபேமிலி ட்ரிப்னு பேச்சு எடுத்தாலே முதல்ல வாயில வர்ற பேர் ஒகேனக்கல். இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறேன். எந்த ஹோட்டல், எங்க மீன் வறுவல் நல்லா இருக்கும்னு சொல்ல ஏற்கெனவே நிறைய பேர் இருக்காங்க. நான் சொல்ல வர்றது வேற. நம்ம ட்ரிப் நடக்குமா நடக்காதாங்கிறது நம்ம கையில இல்ல, ஒரு நம்பர்லதான் இருக்கு.

என் கதையையே சொல்றேன். எங்க வீட்ல அப்பாவுக்கு ஒரு ஷிஃப்ட், அக்காவுக்கு வேற ஷிஃப்ட். ரெண்டு பேருக்கும் ஒரே நாள் லீவு கிடைக்கிறதே பெரிய விஷயம். ஒரு ஆடிப்பெருக்குக்கு அது அமைஞ்சது. வேன் பேசியாச்சு, புளியோதரை கட்டியாச்சு. அம்மா மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி எல்லாம் எடுத்து வச்சுட்டாங்க. ஓசூர்ல அன்னைக்கு நல்ல வெயில். ஜாலியா போய் இறங்கினா, ஆத்துல வெள்ளம். குளிக்கத் தடை, பரிசலுக்கும் தடை.

எனக்குப் புரியவே இல்ல. நம்ம ஊர்ல ஒரு சொட்டு மழை இல்லையே, வெள்ளம் எங்கிருந்து வந்துச்சு?

அங்கதான் நான் தப்புக் கணக்கு போட்டேன். ஒகேனக்கல்லுக்குத் தண்ணி வர்றது ஓசூர் மழையால இல்ல. தென்மேற்குப் பருவமழை குடகுலயும் வயநாட்லயும் அடிச்சுப் பெய்யும். கிருஷ்ணராஜ சாகர், கபினி ரெண்டு அணையும் நிறையும். அங்க உபரித் தண்ணியைத் திறந்துவிட்டா, அது காவிரியில இறங்கி நம்ம பக்கம் வரும். அது தமிழ்நாட்டு எல்லையைத் தொடுற இடத்துல, நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துல, பிலிகுண்டுலுன்னு ஒரு இடம் இருக்கு. மத்திய நீர் ஆணையம் அங்கதான் தண்ணியை அளக்குது. 2018-ல உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி.ன்னு தீர்ப்பு சொன்னதே, அந்தக் கணக்கும் இந்த பிலிகுண்டுலுல எடுக்கிற அளவுதான்.

நியூஸ்ல தினமும் சொல்றாங்களே, 'ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு 20,000 கன அடி'ன்னு? நாம கேட்டுட்டு அப்படியே தாண்டிப் போயிடுவோம். ஒரு கன அடின்னா சுமார் 28 லிட்டர். அப்போ 20,000 கன அடின்னா, மாடியில வைக்கிற 1,000 லிட்டர் டேங்க் இருக்குல்ல, அது ஒவ்வொரு விநாடிக்கும் 560-க்கு மேல உருண்டு வர்ற மாதிரி. 2022, 2024 ஆடிப்பெருக்கு சமயத்துல ஒரு லட்சம் கன அடியைத் தாண்டி வந்துச்சு. அந்த நேரத்துல அருவியே தெரியாது, பாறை எல்லாம் முழுகி ஒரே செம்மண் ஆறுதான்.

நயாகராவும் எல்லையில இருக்கிற அருவிதான், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவுல. அந்த ரெண்டு நாடும் 1950-ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. சுற்றுலா சீசன்ல பகல் நேரத்துல விநாடிக்குக் குறைஞ்சது ஒரு லட்சம் கன அடி அருவியில விழணும், ராத்திரியிலயும் குளிர்காலத்துலயும் அதுல பாதி போதும், மிச்சத்தை மின்சாரத்துக்கு எடுத்துக்கலாம்னு. அங்க டூரிஸ்ட்டுக்காக ஒரு லட்சம் கன அடி ஒதுக்கியிருக்காங்க. இங்க ஒரு லட்சம் வந்தா டூரிஸ்ட்டை உள்ளயே விட மாட்டாங்க!

சரி, கதைக்கு வர்றேன். தடைன்னு தெரிஞ்சு நாங்க முழிச்சுக்கிட்டு நின்னப்போ ஒருத்தர் வந்து காதுல சொன்னார். "தம்பி, கொஞ்சம் தள்ளிப் போனா பரிசல் இருக்கு. லைஃப் ஜாக்கெட் கிடையாது. ஆனா ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க."

உண்மையைச் சொல்றேன், நான் சரின்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேன் காசு போச்சு, லீவு போச்சு, அதுதான் மண்டையில ஓடுச்சு. அம்மாதான் தடுத்தாங்க. "ஆத்தைக் கும்பிடத்தான் வந்தோம். அதுகிட்ட அடம்பிடிக்க வரலடா." தூரத்துல நின்னே கும்பிட்டுட்டு, புளியோதரையை ரோட்டோரமா சாப்பிட்டுட்டுத் திரும்பிட்டோம். எங்க யாருக்கும் நீச்சல் தெரியாது. இப்போ நினைச்சாலும் கை நடுங்குது.

அதனால நான் இப்போ பிளான் பண்றது இப்படித்தான். கிளம்புறதுக்கு நாலு நாள் முன்னாடியே நீர்வரத்து நம்பரைப் பார்க்க ஆரம்பிப்பேன். ஏறுதா இறங்குதான்னு பார்க்கணும். கர்நாடக அணைகள்ல திறப்பு கூடியிருக்கான்னும் பார்ப்பேன். கிளம்புற அன்னைக்குக் காலையில, தருமபுரி மாவட்ட நிர்வாகம் தடை போட்டிருக்கான்னு ஒரு தடவை செக் பண்ணுவேன். பரிசலுக்கு கவுன்ட்டர்ல மட்டும்தான் டிக்கெட். லைஃப் ஜாக்கெட் இல்லாம குழந்தைங்களை மட்டும் இல்ல, யாரையும் ஏத்தக் கூடாது.

வழி ரெண்டு இருக்கு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியா போனா தூரம் குறைவு. ஆனா காட்டு ரோடு, யானை நடமாட்டம் இருக்கு, பகல்ல மட்டும் போங்க. பெரியவங்க கூட வந்தா கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் வழிதான் நிம்மதி. தடை வந்தா ஏமாந்து நிக்காம இருக்க, கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையை பிளான் பி-யா வச்சுக்கோங்க. வெள்ளம் அடங்கி, அருவியும் நல்லா இருக்கணும்னா அக்டோபருக்கு அப்புறம் ஜனவரி வரைக்கும் போறது நல்லது.

கடைசியா ஒண்ணு. நம்ம ஏரியா நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு அதிகம்னுதான் ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டு வந்தாங்க. 2008-ல எல்லையில பெரிய பிரச்சனை ஆகி, 2013-ல திறந்த திட்டம் அது. அந்த ஆறு நம்ம வீட்டுக் குழாய் வரைக்கும் வந்துட்டுப் போகுது. அதைப் பார்க்க ஒரு நாள் தள்ளிப் போறதால ஒண்ணும் குறைஞ்சிடாது.

நாங்க அடுத்த தடவை நவம்பர்ல போனோம். அம்மா பரிசல்ல உக்காந்து, லைஃப் ஜாக்கெட் பெல்ட்டை மூணு தடவை இழுத்துப் பார்த்துட்டு, "இப்போ போலாம்ப்பா"ன்னு சொன்னாங்க. நீங்களும் நம்பரைப் பார்த்துட்டுப் போயிட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.