மானும் சட்டமும்



இன்றைய பேச்சு மான் வேட்டையைப் பற்றியது. காட்டை ஒட்டி வாழும் எல்லோருக்கும் இது தெரிய வேண்டும். இளைஞர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கதை போலவே பார்ப்போம்.

மத்தியப் பிரதேசத்தில் காட்டோரமாக ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஓர் இளைஞன். வயது 19. அவன் நிலத்தில் கடலை விதைத்திருக்கிறான். இரவானால் புள்ளிமான்கள் கூட்டமாக வருகின்றன. பச்சைப் பயிரை மேய்கின்றன. விடியும்போது பாதி வயல் மொட்டையாகக் கிடக்கிறது. அவனுக்கு வயிறு எரிகிறது.

ஒரு நாள் அவன் நண்பன் வருகிறான்.

"பழைய பைக்கின் கிளட்ச் கம்பி என்னிடம் இருக்கிறது. மான் வரும் வழியில் சுருக்கு வைப்போம். பயிரும் தப்பும், கறியும் கிடைக்கும். உன் தம்பியையும் கூட்டிக்கொள். அவன் சின்னப் பையன். அவனை யார் கேட்கப் போகிறார்கள்?" என்கிறான்.

திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். அவர் காதில் இது விழுகிறது. இளம் வயதில் அவர் ஷிகாருக்கு வந்தவர்களுக்கு மானை விரட்டிக் கொடுத்தவர். அவருக்கு வேட்டை தெரியும்.

"இங்கே வாடா. கம்பியைக் கீழே வை. நான் சொல்வதைக் கேள்" என்கிறார் தாத்தா.

அன்றைய விதிகள்

தாத்தா சொன்னது இதுதான்.

அந்தக் காலத்தில் லைசென்ஸ் வாங்கி வேட்டையாடினார்கள். அப்போதும் விதிகள் இருந்தன. 1972 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. லைசென்ஸ் உள்ளவர் எதைச் செய்யக் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது.

பெண் மானைக் கொல்லக் கூடாது. குட்டியைக் கொல்லக் கூடாது.

இரவில் வேட்டை கூடாது. விளக்கு அடித்து மானின் கண்ணைக் கூசவைத்துச் சுடக் கூடாது.

வண்டியில் இருந்தபடி சுடக் கூடாது. நாயை விட்டு மானைத் துரத்தக் கூடாது.

தண்ணீர் குடிக்கும் இடத்திலும், உப்பு மண் நக்கும் இடத்திலும் பதுங்கி இருந்து கொல்லக் கூடாது.

சுருக்கு, வலை, குழி, விஷம், வெடி எதுவும் கூடாது. வேட்டைக்காகக் காட்டுக்குத் தீ வைக்கக் கூடாது.

"பார்த்தாயா? வேட்டைக்கு அனுமதி இருந்த காலத்திலேயே சுருக்குக் கம்பிக்கு அனுமதி இல்லை" என்றார் தாத்தா.

அது ஏன்? சுருக்குக்குக் கண் இல்லை. எது வந்தாலும் அது பிடிக்கும். சினை மானும் மாட்டும். குட்டியும் மாட்டும். புலி மாட்டும். வீட்டுக் கன்றுக்குட்டியும் மாட்டும். மாட்டிய மான் இழுக்க இழுக்க, கம்பி கழுத்தை அறுக்கும். உடனே சாகாது. துடித்துத் துடித்துச் சாகும்.

"சரி தாத்தா. அந்த லைசென்ஸ் இப்போது எங்கே கிடைக்கும்?" என்று பேரன் கேட்டான்.

"எங்கும் கிடைக்காது" என்றார் தாத்தா.

இன்றைய விதி

1991 ஆம் ஆண்டில் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதோடு மான் வேட்டை லைசென்ஸ் ஒழிந்தது. இன்று இந்தியாவில் புள்ளிமான், கடமான், வெளிமான், கேளையாடு எதையும் வேட்டையாடக் கூடாது. பணக்காரருக்கும் இதே விதிதான். ஏழைக்கும் இதே விதிதான்.

பழங்குடி மக்களுக்கு வன உரிமைச் சட்டம் 2006 ஆம் ஆண்டில் வந்தது. நிலத்துக்கு உரிமை தந்தது. தேன், மூங்கில், பீடி இலை சேகரிக்க உரிமை தந்தது. ஆனால் வேட்டையாடும் உரிமையை அந்தச் சட்டமும் தரவில்லை.

வேட்டை என்றால் கொல்வது மட்டும் அல்ல. இதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். மானைப் பிடிப்பதும் வேட்டைதான். சுருக்கு வைப்பதும் வேட்டைதான். விரட்டுவதும், விஷம் வைப்பதும் வேட்டைதான். முயற்சி செய்தாலே போதும். மான் மாட்டாவிட்டாலும் குற்றம் குற்றமே.

கறியை வாங்குவதும், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். "எனக்குத் தெரியாது, யாரோ கொடுத்தார்கள்" என்று சொன்னால் போதாது. மான் கறி ஒருவரிடம் இருந்தால், அது தவறாக வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

தண்டனை என்ன?

புள்ளிமானைக் கொன்றால் 3 ஆண்டு வரை சிறை. அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ கொன்றால் தண்டனை இன்னும் கடுமை. குறைந்தது 3 ஆண்டு சிறை. 7 ஆண்டு வரை போகலாம். குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வெளிமானை எங்கே கொன்றாலும் இதே கடுமையான தண்டனைதான்.

வேட்டைக்குப் போன வண்டியும், கத்தியும், துப்பாக்கியும் அரசுக்குப் போய்விடும். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் அதற்குத் தனி வழக்கு.

சின்னப் பையனை யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் தவறு. 18 வயது நிறையாதவர் மீதும் வழக்கு உண்டு. அது இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அதற்குள் பையனின் படிப்பு கெடும். தாயின் தூக்கமும் கெடும்.

ஒரு வேளைக் கறிக்காக ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா?

மான் குறைந்தால் என்ன?

"காட்டில்தான் நிறைய மான் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். முன்பும் அப்படித்தான் சொன்னார்கள்.

மத்தியப் பிரதேசத்தில் கான்ஹா என்ற பெரிய காடு இருக்கிறது. அங்கே பாரசிங்கா என்ற மான் உண்டு. கிளை கிளையாகக் கொம்பு உள்ள அழகிய மான். ஒரு காலத்தில் ஏராளமாக இருந்தது. 1970 ஆம் ஆண்டில் எண்ணிப் பார்த்தார்கள். 66 தான் மிஞ்சியிருந்தது. பிறகு வேட்டையை நிறுத்தினார்கள். புல்வெளிகளைக் காத்தார்கள். இன்று அங்கே ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

மணிப்பூரில் சங்காய் என்ற மான் உண்டு. லோக்தாக் ஏரியில் மிதக்கும் புல்திட்டுகளில் வாழ்கிறது. 1975 ஆம் ஆண்டில் எண்ணியபோது 14 தான் இருந்தது. அதையும் காப்பாற்றினார்கள். 2016 ஆம் ஆண்டில் 260 ஆயிற்று. இன்று அது மணிப்பூர் மாநிலத்தின் விலங்கு.

மான்தான் புலிக்கும் சிறுத்தைக்கும் உணவு. காட்டில் மான் இல்லாவிட்டால் அவை எங்கே போகும்? ஊருக்குள் வரும். ஆட்டையும் மாட்டையும் பிடிக்கும். மானைக் காப்பது தொழுவத்தையும் காப்பதுதான்.

பயிருக்கு என்ன வழி?

பேரன் விடவில்லை. "மானைக் காப்பது சரி தாத்தா. என் கடலையை யார் காப்பார்கள்?" என்று கேட்டான்.

அது நியாயமான கேள்வி. அதற்கும் வழி உண்டு.

மான் பயிரை மேய்ந்தால் வனத்துறை அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். நாள், நிலத்தின் அளவு, பயிரின் பெயர், சேதம் எவ்வளவு என்று எழுத வேண்டும். முடிந்தால் சேதத்தைப் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். மனுவின் நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். பல மாநிலங்களில் நஷ்ட ஈடு உண்டு. விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பணம் வரத் தாமதமாகலாம். ஆனால் மனு கொடுக்காதவருக்கு எதுவும் வராது.

முள்வேலி போடலாம். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து முறை வைத்துக் காவல் இருக்கலாம்.

வேலியில் மின்சாரக் கம்பியை மட்டும் இழுக்கவே கூடாது. அதில் யானை செத்திருக்கிறது. மனிதர்களும் செத்திருக்கிறார்கள். இருட்டில் வயலுக்கு வந்த சொந்தக்காரரே அதில் அகப்படலாம்.

வழியில் மான் அடிபட்டுக் கிடந்தால் தொடக் கூடாது. உடனே வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். செத்த மானும் அரசின் சொத்துதான். அதைக் கொண்டுபோய்ப் பங்கு போடக் கூடாது. உதிர்ந்த கொம்பையும் எடுத்து விற்கக் கூடாது.

புல்லுக்குள் மான்குட்டி தனியாகப் படுத்திருந்தால் அதை அநாதை என்று நினைக்கக் கூடாது. தாய் அதை ஒளித்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கும். திரும்பி வரும். இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தால், தாயையும் குட்டியையும் பிரித்த பாவம்தான் மிஞ்சும்.

கதையின் முடிவு

இளைஞன் அந்தக் கம்பியை என்ன செய்தான்? துண்டு துண்டாக வெட்டினான். வேலி முள்ளைக் கட்ட வைத்துக்கொண்டான்.

மறுநாள் ஐந்து வயல்காரர்கள் கூடினார்கள். மனு எழுத வேண்டும். யார் எழுதுவது?

இளைஞனின் அம்மா முன்னே வந்தார். அவர் எழுத்தறிவு மையத்தில் படித்தவர். தன் கையாலேயே மனுவை எழுதினார். ஐந்து பேரும் அதைப் படித்துப் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள். வனத்துறை அலுவலகத்துக்கு நடந்தார்கள்.

அன்று இரவும் மான்கள் வந்தன. காவலுக்கு இருந்தவர்கள் தகரத்தைத் தட்டினார்கள். மான்கள் காட்டுக்குள் ஓடின. இளைஞன் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினான். அவன் தம்பி மறுநாள் பள்ளிக்கூடம் போனான்.

சகோதர சகோதரிகளே, இதைத் தெரிந்துகொண்டவர்கள் பக்கத்து வீட்டு இளைஞர்களுக்கும் சொல்லுங்கள்.