யானை என்றொரு பெயர்

குடும்பப் பெயர் என்றதும் நமக்குச் சாதிப் பட்டம்தான் நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்கள் அதை ‘இசிபோங்கோ’ என்பார்கள். போற்றுதலைக் குறிக்கும் ‘போங்கா’ என்ற வினையிலிருந்து வந்த சொல் அது.

‘ந்த்லோவு’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். பொருள், யானை. அந்தப் பெயருள்ளவரைக் குலப்பெயரான ‘கட்செனி’ என்று அழைத்தால், அவருடைய முன்னோரையும் சேர்த்து மதிக்கிறோம். மரபுப்படி இரண்டு ந்த்லோவுகள் மணந்துகொள்வதில்லை. அந்தப் பெயர் வெளியே உறவு தேடச் சொல்கிறது; சாதிப் பட்டம் உள்ளேயே தேடச் சொல்கிறது. சாதியின் உயிர்நிலை அகமணம் என்று 1916இல் அம்பேத்கர் விளக்கியதை இங்கே பொருத்திப் பாருங்கள். இசிபோங்கோவும் தந்தை வழியில்தான் வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

1950இல் நிறவெறி அரசு மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தின் மூலம் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதிந்தது. கறுப்பர் என்று பதிவானால் பாஸ் சட்டம் துரத்தும். தப்பிப்பதற்காக, ‘கலப்பினத்தவர்’ என்று பதிவு பெற, ந்த்லோவுகள் சிலர் ‘ஒலிஃபான்ட்’ ஆனார்கள். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அதுவும் யானைதான். ஆனால் ஒலிஃபான்டை யாரும் ‘கட்செனி’ என்று அழைக்க மாட்டார்கள்.

நாம் பட்டத்தை விடுவது விடுதலைக்காக. அவர்கள் பெயரை விட்டது பிழைத்திருப்பதற்காக. ஆகவே எந்தப் பெயரைப் பற்றியும் முதலில் இதைக் கேட்போம்: இது யாரைப் போற்றுகிறது, யாரைத் தாழ்த்துகிறது?