எழுதினவங்களுக்கு என்ன கூலி?

இன்னைக்கு முழுக்க ஒரே ஒரு கேள்விதான். பல பேர் சேர்ந்து இணையத்துல எழுதுற ஒரு இடம் இருக்கு. அதுக்குப் பணம் எங்கிருந்து வரணும்? வந்த பணம் யாருக்கு, எந்தக் கணக்குல போகணும்?

கேட்கிறவங்கள்ல நிறைய பேர் சென்னையிலயும் பெங்களூருலயும் வேலை பார்த்துக்கிட்டே ராத்திரி எழுதுறவங்க. "எங்களுக்கு எழுதித் தாங்க, நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்"னு ஒரு மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கும் வந்திருக்கு. எக்ஸ்போஷரைக் கொடுத்து டீக்கடையில ஒரு டீ வாங்க முடியாதுன்னு சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா கேள்வி அதோட முடியல.

முதல்ல அமெரிக்காவுல நடந்த ஒரு வழக்கு. 2005-இல் தொடங்கிய ஹஃபிங்டன் போஸ்ட் தளத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் சம்பளம் இல்லாமல் எழுதினார்கள். 2011-இல் ஏஓஎல் நிறுவனம் அந்தத் தளத்தை 31.5 கோடி டாலருக்கு வாங்கியது. எழுதினவங்க கைக்கு ஒரு டாலர்கூட வரல. 10.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2012-இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பணம் கிடையாதுன்னு தெரிஞ்சுதானே எழுதினீங்க, இப்ப வந்து பங்கு கேட்டா எப்படி? தீர்ப்போட சாரம் இதுதான்.

சட்டப்படி அது சரியா இருக்கலாம். ஆனா கிராமத்துல ஒரு வழக்கம் உண்டு. வேலையில இறங்குறதுக்கு முன்னாடி கூலியைப் பேசிடணும். களத்துல நெல்லு குவிஞ்ச பிறகு பேசினா சண்டைதான் மிஞ்சும்.

இப்ப நேர் எதிரான ஒரு உதாரணம். 1998 பொங்கல் அன்னைக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம். பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு பண்ணி, பிழை திருத்தி, இணையத்துல இலவசமா வைக்கிற வேலை. சுவிட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவுல இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னெடுத்தாங்க. பல நாடுகள்ல இருந்த தமிழர்கள் கூலி இல்லாம உழைச்சாங்க. அதுக்கப்புறம் 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. 2017-இல் ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டியது. அங்கேயும் கட்டுரைக்குச் சம்பளம் கிடையாது.

அங்க ஏன் "எங்க பங்கு எங்கே"ன்னு யாரும் வழக்குப் போடல? ஏன்னா அதை யாரும் பூட்டி வச்சு விற்க முடியாது. விக்கிப்பீடியாவோட உரிமத்துல அதை யார் வேணும்னாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனா எழுதினவங்களைக் குறிப்பிடணும், அதே உரிமத்துலதான் வெளியிடணும். மதுரைத் திட்டத்தோட கோப்புகளைத் திறந்து பாருங்க. முகப்புல தட்டச்சு செய்தவர் பேரும் இருக்கும், மெய்ப்பு பார்த்தவர் பேரும் இருக்கும். அந்த முகப்பை நீக்காம யாரும் பகிரலாம்.

ஆக, முதல் விதி. பொருள் பொதுவுக்குன்னா உழைப்பை இனாமா கேட்கலாம். பொருள் ஒருத்தர் கைக்குப் போகுதுன்னா இனாமா கேட்கக் கூடாது. ஊர்க் கண்மாயில மண் அள்ளுறதும் பண்ணையார் கிணத்துல மண் அள்ளுறதும் ஒரே வேலை மாதிரிதான் தெரியும். ஒன்னுக்கு எல்லா வீட்டுலயும் இருந்து ஆள் வரும். இன்னொன்னுக்குக் கூலி கொடுக்கணும்.

சரி, அப்ப பொதுவுக்குன்னு சொல்லிட்டா எல்லாம் நியாயமாயிடுமா? அங்கதான் எனக்கு ஒரு சங்கடம் இருக்கு. எங்க பக்கத்துல இருந்தே அதைச் சொல்றேன்.

அருப்புக்கோட்டையில இருந்து கிழக்கே திருச்சுழிக்குப் போற வழி முழுக்க மானாவாரி பூமி. கரிசல் காடு, சீமைக்கருவேலம், அங்கங்க தண்ணி இல்லாத கண்மாய். திருச்சுழின்னா ரமண மகரிஷி பிறந்த ஊர்னு பலருக்குத் தெரியும். அதைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊராட்சிகளோட விக்கிப்பீடியா பக்கத்தைத் திறங்க. மக்கள்தொகை எவ்வளவு, கைக்குழாய் எத்தனை, ஊருணி எத்தனைன்னு அரசு அட்டவணை மாதிரி சில வரிகள்தான் பெரும்பாலும் இருக்கும். அந்த ஊருணியை யார் வெட்டினது, ஏன் வத்திப் போச்சு, கரிமூட்டம் போடுறவங்க வாழ்க்கை எப்படின்னு எழுத ஆள் இல்லை.

தெரிஞ்சவங்க ஊர்ல இல்லாம இல்லை. மில்லுல ஷிப்ட் பார்த்துட்டு வர்ற பையனுக்குத் தெரியும். பூ பறிச்சுட்டு வர்ற அக்காவுக்குத் தெரியும். ஆனா இனாமா எழுதுறதுக்கு ஓய்வு வேணும், கம்ப்யூட்டர் வேணும், நெட் வேணும். இதெல்லாம் இருக்கிறவங்க எழுதுறாங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச உலகம் பதிவாகுது. யாருக்குமே காசு கொடுக்காத இடம் எல்லாரையும் சமமா நடத்துற மாதிரி தெரியும். உண்மையில இனாமா எழுத வசதி இல்லாதவங்க வாசலுக்கு வெளியவே நின்னுடுறாங்க.

இதைக் கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டுச் செய்த முயற்சிதான் வேங்கைத் திட்டம். 2018-இல் கூகுள், விக்கிமீடியா அமைப்புகளின் ஆதரவோட இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்காக நடந்தது. கட்டுரைக்கு இத்தனை ரூபாய்னு கொடுக்காம, தொடர்ந்து எழுதுறவங்களுக்கு மடிக்கணினியும் இணையச் செலவும் கொடுத்தாங்க. கூடவே ஒரு கட்டுரைப் போட்டி. முதல் முறை பஞ்சாபி முதலிடம், தமிழ் இரண்டாமிடம். அடுத்து 2019-20-இல் நடந்தப்ப தமிழ்தான் முதலிடம். எழுதுறதுக்குக் கருவி கொடுத்தது ரொம்ப நல்ல யோசனைன்னு நினைக்கிறேன். தறி இல்லாதவன்கிட்ட எத்தனை சேலை நெய்தேன்னு கேட்க முடியாது இல்லையா?

ஆனா போட்டின்னு வந்தா எண்ணிக்கைன்னு ஒன்னு வந்துடும். அதுல ஒரு ஆபத்து இருக்கு. எதை எண்ணிக் காசு கொடுக்கிறமோ அதுதான் வந்து குவியும்.

இதுக்கு அமேசான் கிண்டில் நல்ல பாடம். மாசச் சந்தா கட்டி வாசிக்கிற திட்டத்துல, வாசகர் ஒரு புத்தகத்துல பத்து சதவீதம் படிச்சா எழுதினவருக்கு ஒரு தொகைன்னு வச்சிருந்தாங்க. ஆயிரம் பக்க நாவலுக்கும் இருபது பக்கப் பிரசுரத்துக்கும் ஒரே தொகை. விளைவு, குட்டிக் குட்டிப் புத்தகங்கள் வந்து விழுந்தன. 2015 ஜூலையில் அதை மாத்தி, படிச்ச பக்கத்துக்குக் காசுன்னு ஆக்கினாங்க. உடனே சிலர் கண்டதையும் சேர்த்துப் புத்தகத்தை ஊத வச்சாங்க. முதல் பக்கத்துல ஒரு இணைப்பு வச்சு, வாசகரை நேரா கடைசிப் பக்கத்துக்குத் தூக்கிட்டுப் போன கில்லாடிகளும் உண்டு.

2014-இல் தொடங்கிய பிரதிலிபி மாதிரி தளங்கள்ல வாசகர்கள் தமிழ்த் தொடர்கதைக்குச் சந்தா கட்டுறாங்க, எழுதுறவங்களுக்கு அதுல பங்கு போகுது. தமிழ் வாசகர் காசு கொடுக்க மாட்டார்ங்கிற பேச்சை அது உடைச்சது. நல்ல விஷயம். ஆனா தினமும் அடுத்த பகுதிக்கு ஏங்க வைக்கிற கதைக்கு அது பொருந்தும். ஊருணி வத்தின கதைக்கு அடுத்த பகுதி ஏது?

அப்ப என்னதான் வழி? எனக்குத் தெரிஞ்ச வழி எங்க ஊர்த் தறியிலயே இருக்கு. அருப்புக்கோட்டையில கைத்தறி நெசவாளர் கூட்டுறவு சங்கங்கள் உண்டு. சங்கம் நூல் கொடுக்கும். சேலையை நெய்து கொண்டுபோய்க் கொடுத்தா பேசின கூலி. அந்தச் சேலையை எத்தனை பேர் விரிச்சுப் பார்த்தாங்க, எப்ப வித்துச்சுங்கிறது சங்கத்தோட கவலை. கூலி போதலைன்னு நெசவாளர்கள் சொல்றது நியாயமான புகார்தான். ஆனா முறையைப் பாருங்க. விற்பனையோட ஆபத்தை நெய்தவர் தலையில கட்டல. க்ளிக்குக்குக் காசுன்னு சொல்றவங்க அதைத்தான் எழுதுறவர் தலையில கட்டுறாங்க.

அதே தறியில ஒரு அநியாயமும் இருக்கு. கூலி தறியில உட்கார்ந்தவர் பேருக்கு வரும். பக்கத்துல உட்கார்ந்து தார் சுத்துற அம்மாவுக்கும் மனைவிக்கும் தனிக்கூலி கிடையாது. தார் இல்லாம ஊடை ஏது? எழுதுற இடத்துலயும் அப்படித்தான். பிழை திருத்துறவர், தகவல் சரிபார்க்கிறவர், புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர், கமெண்ட்ல வர்ற வசவைத் துடைக்கிறவர், இவங்கதான் தார் சுத்துறவங்க. இவங்க பேரு எங்கேயும் வராது.

கண்மாய்ப் பாசனத்துல இதுக்கு ஒரு நல்ல பதில் இருந்துச்சு. நீர்பாய்ச்சின்னு ஒருத்தர். மடையைத் திறந்து மூடி, யார் வயலுக்கு எப்ப தண்ணின்னு பார்க்கிறவர். அறுப்பு முடிஞ்சதும் தண்ணி வாங்கின ஒவ்வொரு வீடும் அவருக்கு நெல் அளந்துடும். அவர் இல்லைன்னா யாருக்கும் விளைச்சல் இல்லைன்னு ஊருக்குத் தெரியும்.

இதை வச்சு ஒரு கணக்குப் போடுவோம். கோவில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுற மாதிரி, முன்னூறு வாசகர்கள் மாசம் ஐம்பது ரூபாய் தர்றாங்கன்னு வைங்க. பதினைஞ்சாயிரம். சர்வர் செலவுக்கு ஆயிரம். பிழை திருத்துற, சரிபார்க்கிற ஆளுக்கு நாலாயிரம். அவசரத்துக்குன்னு ஆயிரம் ஒதுக்குங்க. மீதி ஒன்பதாயிரம். அதை முப்பது கட்டுரைக்குப் பிரிச்சா ஆளுக்கு முன்னூறு. திருச்சுழிப் பக்கம் போய் நாலு நாள் அலைஞ்சு எழுதுறவருக்கு முன்னூறு ரூபாய்ங்கிறது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும்தான். அதுக்குப் பதிலா மாசம் மூணே கட்டுரை, மூவாயிரம் ரூபாய், எழுத ஒப்புக்கும்போதே பாதி முன்பணம். இதுவும் பெரிய தொகை இல்லை. ஆனா ஒரு ஷிப்டை விட்டுட்டு எழுத ஒருத்தருக்கு இது கைகொடுக்கும்.

"காசு வந்தா அன்பு போயிடும்"னு சிலர் சொல்வாங்க. அந்தப் பயம் பொய்யில்லை. அதனாலதான் விக்கிப்பீடியாவுல 2014-இல் இருந்து ஒரு விதி இருக்கு. யார்கிட்டயாவது காசு வாங்கிட்டு எழுதினா அதை வெளிப்படையா சொல்லணும். காசு வாங்கக் கூடாதுன்னு அந்த விதி சொல்லல, மறைக்கக் கூடாதுன்னு சொல்லுது. நம்ம சின்ன இடங்களுக்கும் அதே மருந்துதான். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, யாருக்கு எவ்வளவுன்னு கொடை முடிஞ்சதும் கோவில் சுவத்துல ஒட்டுற மாதிரி மாசாமாசம் போட்டுடணும்.

அதனால அடுத்த தடவை யாராவது "எழுதித் தாங்க"ன்னு கேட்டா, கோபப்படாம மூணு கேள்வி கேளுங்க. இது பொதுவுக்கா, உங்க கைக்கா? எதை எண்ணிக் காசு கொடுக்கிறீங்க? தார் சுத்துறவங்களுக்கு என்ன தர்றீங்க? நீங்களே ஒரு இடத்தை நடத்துறவங்கன்னா, யாரும் கேட்கிறதுக்கு முன்னாடி இந்த மூணுக்கும் பதிலை எழுதி முகப்புல வச்சிடுங்க.

அப்படி ஒரு கணக்கை நீங்க ஏற்கெனவே நடத்திக்கிட்டு இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதைப் பத்திப் பேசுவோம்.