சாம்பார் மட்டும் போதாது, பருப்பும் வேண்டும்



இந்நாட்டில் இந்தியர் வீட்டுச் சமையலறையில் பருப்பு இல்லாத நாள் உண்டா? காலையில் தோசை, மதியம் சாம்பார், நவராத்திரி வந்தால் கோயிலில் சுண்டல். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தேவுக்கென்றே பெயர்பெற்ற கம்பமும் இருக்கிறது. பயறு வகைகளோடு வளர்ந்த இந்தச் சமுதாயத்தில்தான் இனிப்புநீர் நோயும் அதிகம். 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே விகிதம் இன்னும் உயர்ந்து நிற்கிறது.

இந்நோய்க்குப் பரம்பரை, உடல் பருமன், உடலுழைப்புக் குறைவு எனப் பல காரணங்கள் உண்டு. சாப்பாட்டுத் தட்டும் அவற்றுள் ஒன்று. அந்தத் தட்டைச் சற்று உற்றுப் பாருங்கள். மலைபோல் சோறு, அதன்மேல் ஓடும் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ரொட்டி சானாய்க்கு ஊற்றும் பருப்புக் கறியும் பல கடைகளில் அப்படித்தான். வயிற்றை நிரப்புவது சோறும் மாவும். பருப்பு வெறும் மணத்துக்கு!

அவித்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் உள்ளன. அதே அளவு வெள்ளைச் சோற்றில் புரதம் 3 கிராமுக்கும் குறைவு. நார்ச்சத்து அரை கிராம்கூட இல்லை. பயற்றிலுள்ள மாவுச்சத்து மெதுவாகச் செரிக்கிறது. அதனால் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறுவதில்லை. பசியும் விரைவில் எடுப்பதில்லை. அதன் நார்ச்சத்து கெட்ட கொழுப்பைக் குறைக்கவும் துணைபுரிகிறது.

கனடாவின் தொரொண்டோ நகர ஆய்வாளர்கள் 2012-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. இரண்டாம் வகை இனிப்புநீர் உள்ள 121 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் மூன்று மாதங்கள் தினமும் குறைந்தது ஒரு கோப்பை பயறு வகைகளை உண்டனர். மற்றவர்கள் முழுக்கோதுமை உணவுகளைக் கூட்டிக்கொண்டனர். இரு பிரிவினருக்கும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு குறைந்தது. பயறு உண்டவர்களுக்கோ கூடுதலாகக் குறைந்தது. இரத்த அழுத்தமும் இறங்கியது.

இதற்குப் புதுச் சமையல் எதுவும் கற்க வேண்டியதில்லை. சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ முறையில் தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு புரதம், அரைப் பங்கு காய்கறியும் பழமும். அந்தப் புரதப் பங்கில் கெட்டியான பருப்பு, சுண்டல், பச்சைப்பயறு, தெம்பே என ஏதாவது ஒன்று இடம்பெறட்டும். சோற்றைக் குறைக்காமல் பருப்பைக் கூட்டினால் எடைதான் கூடும்.

வாயுத் தொல்லைக்கு அஞ்சுவோர் கொஞ்சமாகத் தொடங்கி மெல்லக் கூட்டலாம். பயற்றை இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைப்பது நல்லது. சிவப்பு ராஜ்மாவை மட்டும் அரைவேக்காட்டில் உண்ணவே கூடாது. ஊறவைத்த பின், புதுநீரில் நன்கு கொதிக்கவிட்டு முழுமையாக வேகவைத்தால்தான் அதிலுள்ள நச்சுத்தன்மை நீங்கும். சுண்டலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அதன் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் தே தாரிக் குடித்தால் அது தடைப்படும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். இனிப்புநீருக்கு மருந்து எடுப்பவர்கள் பயற்றை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது.

நேயர்களே, கால் புண்ணோடும் மங்கிய பார்வையோடும் மருத்துவமனையில் காத்திருக்கும் நம்மவர்கள் எத்தனை பேர்! அந்த வரிசை குறைய வேண்டுமானால், இன்று மதியமே கரண்டியைச் சட்டியின் அடிவரை விட்டு அள்ளுங்கள். பருப்பு அங்கேதான் இருக்கிறது.