அடுத்த பாகம் எங்கடி?



நூலக வார விழாவில் 'வளரும் தலைமுறை' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு 23 வயது. தலைமுறைக்கு அறிவுரை சொல்ல நான் வரவில்லை. நான் எப்படி வளர்ந்தேன், யாரால் வளர்ந்தேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதே இல்லை, செல்போனைக் கீழே வைப்பதே இல்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, அவர்களைக் கேட்கிறேன்: நம்ம ஊர் நூலகத்துக்குள் நீங்கள் கடைசியாகக் கால் வைத்தது எப்போது? காலையில் கதவு திறக்கும் முன்பே வாசலில் செருப்புக் கிடக்கிறது. குரூப் 4-க்குப் படிக்கிறவர்கள், போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். உள்ளே பெஞ்சு பத்தாமல் வேப்ப மரத்தடியில் பைக் சீட்டு மேல் நோட்டை விரித்து, நின்றுகொண்டே கணக்குப் போடுகிறார்கள். மத்தியான வெயில் நகர நகர பைக்கையும் நகர்த்திக்கொண்டே போகிறார்கள். இந்தப் பிள்ளைகளைப் பார்த்தா படிக்கவில்லை என்கிறீர்கள்? உட்கார நாற்காலி கொடுத்துவிட்டு அப்புறம் பேசுங்கள் ஐயா!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். எனக்காக இல்லை, அந்த அண்ணன்களுக்காக.

வளர்வது என்றால் என்ன? எங்கள் வயதில் ஒரே கேள்விதான்: "அடுத்து என்ன?" பத்தாவது முடித்தால் என்ன குரூப், பிளஸ் டூ முடித்தால் என்ன கோர்ஸ், காலேஜ் முடித்தால் என்ன சம்பளம். பெண் பிள்ளை என்றால் அதற்குள் ஜாதகத்தை எடுத்துவிடுவார்கள். 17 வயதில் கவுன்சிலிங்கில் உட்காரவைத்து, வாழ்க்கை முழுக்க என்ன செய்யப்போகிறாய், அரை மணி நேரத்தில் சொல் என்கிறோம்.

இந்த விழாவில் படம் வைத்து மாலை போட்டிருக்கிறோமே, சீர்காழியில் 1892-இல் பிறந்த ரங்கநாதன், அவர் கதையைக் கேளுங்கள். கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதல் நூலகராகப் போய் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு 31 வயது. உட்கார்ந்த சில நாளிலேயே, இந்த வேலை எனக்கு வேண்டாம், என்னை வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டவர் அவர்! லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே நூலகங்களைச் சுற்றிப் பார்த்த பிறகுதான், இதுதான் என் வேலை என்று அவருக்கே பிடிபட்டது. அப்புறம் 1931-இல் நூலகத் துறைக்கென்று உலகமே படிக்கிற ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டார். அதே 1931-இல்தான், இங்கே பக்கத்தில், மன்னார்குடி மேலவாசலில், மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். நம்ம மண், நம்ம மாடு! பெருமையாக இருக்கிறதா இல்லையா?

இந்திய நூலகத் துறையின் தந்தைக்கே 31 வயதில் தன் வேலை எதுவென்று தெரியவில்லை. என் தங்கைக்கு 17 வயதில் தெரியவில்லை என்றால் ஏனம்மா அவளைத் திட்டுகிறீர்கள்?

சரி, என் கதைக்கு வருகிறேன். அஞ்சாவது படிக்கும்போதிருந்தே நான் நூலகத்துக்குப் போவேன். எட்டாவதில் வயசுக்கு வந்தேன். தண்ணி ஊத்தி, சீர் செய்து, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டார்கள். மறுவாரம் அப்பாயி சொல்லிவிட்டது: "இனிமே அங்கெல்லாம் போவ வேணாம். ஆம்பளப் பயலுவ உக்காந்திருக்கிற எடம்." பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் விட்டால் வீடு. அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை, ஆனால் அப்பாயியை எதிர்த்து யார் பேசுவது?

அப்போது எங்கள் நூலகத்தில் இருந்தவர் ஓர் அக்கா. பேரைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார், அதனால் சொல்லவில்லை. நிரந்தரம் இல்லாத வேலை, குடும்பம் நடத்தப் பத்தாத சம்பளம். நான் ரெண்டு மூணு வாரமாக வரவில்லை என்று பார்த்துவிட்டு, ஒரு சாயங்காலம் நூலகத்தைப் பூட்டிவிட்டு நேராக எங்கள் திண்ணைக்கு வந்துவிட்டார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து, "ஒங்க பேர்ல ஒரு கார்டு போடலாம்னு வந்தேன் அப்பாயி" என்றார்.

"எனக்கு எழுத்தே தெரியாதே, ஆயி."

"படிச்சுச் சொல்லத்தான் பேத்தி இருக்கால்ல?"

அப்பாயி கைநாட்டு வைத்தது. அதன் பேரில் உறுப்பினர் அட்டை வந்தது. அக்கா கையோடு ஒரு புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார். பொன்னியின் செல்வன், முதல் பாகம். தெரிந்துதான் கொடுத்தார். அது ஐந்து பாகம்!

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் படிப்பேன், அப்பாயி வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்கும். வீராணம் ஏரி வந்ததும் உலக்கையை நிறுத்திவிட்டு, "அந்த ஏரிக்கரையிலதாண்டி எங்க அக்காவைக் கட்டிக் குடுத்தது" என்றது. முதல் பாகம் முடிந்த மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூட இறக்கவில்லை, வாசலிலேயே மறித்துக்கொண்டது. "அடுத்த பாகம் எங்கடி?" நான், "லைப்ரரியிலதான் இருக்கு அப்பாயி" என்றேன். "அப்புறம் இங்க என்ன நிக்கிற? அவ பூட்டிட்டுப் போறதுக்குள்ள ஓடு!"

அன்றைக்கு ஓடிப்போனவள்தான் இன்றைக்கு இந்த மைக் முன்னால் நிற்கிறேன். என்னை வளர்த்தது அந்த ஓட்டம்.

சண்டை போடாமல், ஒரு கார்டு போட்டு எங்கள் வீட்டுச் சட்டத்தையே மாற்றினாரே, அந்த அக்காவுக்கு இந்த ஊர் என்ன செய்தது? ஒரு கழிவறை கட்டிக் கொடுக்கவில்லை!

சிரிக்காதீர்கள் தம்பி. நூலகத்தில் கழிவறை இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஆண்கள் எங்கேயாவது ஒதுங்கிவிடுவார்கள். பெண் பிள்ளை? தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பாள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டுக் கிளம்பிவிடுவாள். அந்த மூன்று நாளில் வரவே மாட்டாள். நான் போகாமல் இருந்த நாட்கள் அப்படித்தான் போயின. அக்கா இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வருவார், வருஷக்கணக்காக. வீட்டில் யார் தடுத்தாலும் அப்பாயியை வைத்துச் சமாளிக்கலாம். இதை எதை வைத்துச் சமாளிப்பது?

பணம் இல்லை என்பார்கள். பெரியவர்களே, வீட்டுக்குப் போய் உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாகப் போட்டிருக்கும். 1948-இல் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம், ரங்கநாதன் முன்னின்று பாடுபட்ட சட்டம். அதன்படி இன்றைக்குச் சொத்து வரி 1 ரூபாய்க்கு 10 காசு நாம் நூலகத்துக்கென்றே கட்டுகிறோம். 1,000 ரூபாய் வரி கட்டினால் 100 ரூபாய் நூலகத்துக்கு. ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார், மாடி வீட்டுக்காரரும் கட்டுகிறார். எத்தனை வருஷக் காசு! அந்தக் காசில் நான்கு சுவரும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கேட்பது பேராசையா? அக்கா எழுதிய மனுக்களை அடுக்கினால் ஒரு புத்தகம் போடலாம். பதில் எழுதத்தான் எந்த அலுவலகத்துக்கும் நேரம் வரவில்லை.

நாற்காலி வேண்டும், அதையும் கேட்போம். இரவு 8 மணி வரை திறந்திருக்க வேண்டும், அதையும் கேட்போம். ஆனால் முதலில் கழிவறை. பெண்களுக்குத் தனியாக, உள்ளே தாழ்ப்பாளோடு, குழாயில் தண்ணீரோடு.

மனுவை நானும் என் தோழிகளும் எழுதி, வாசல் மேசை மேல் வைத்திருக்கிறோம். அறிவுரை சொல்ல வந்த ஐயாமார்களும் முதலில் அதில் கையெழுத்துப் போடட்டும். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிகளுக்காக மை அட்டையும் இருக்கிறது. திங்கட்கிழமை காலை 10 மணிக்குப் பேரூராட்சி அலுவலகத்துக்கு அதை நாங்களே எடுத்துக்கொண்டு போகிறோம். வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். கூட வருகிறவர்கள் இங்கே நூலக வாசலில் 9 மணிக்கே வந்துவிடுங்கள், சேர்ந்து நடந்தே போவோம்.