இடர்காலத்தில் வணிகர் பணி



மட்டக்களப்பு வாவிக்கரை மக்களுக்கு இயற்கையின் சீற்றம் புதியதன்று. 1957ஆம் ஆண்டுப் பெருவெள்ளம், 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி, 2004 டிசம்பர் 26ஆம் திகதி கல்லடி, நாவலடிக் கரைகளை வாரிச்சென்ற ஆழிப்பேரலை, 2011 சனவரி வெள்ளம் ஆகியவற்றை இங்குள்ளோர் மறந்திலர். இத்தகைய வேளைகளில் வணிகரும் தம் பண்டசாலைகளைத் திறந்து உதவுவதுண்டு. அவ்வுதவி உரியவர் கையை அடையும் வழியைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

ஆழிப்பேரலையின் பின்னர்க் கொடைக்குக் குறைவிருக்கவில்லை. ஆயினும் இலங்கைக் கரையோரத்தின் சில ஊர்களில், இழந்தவற்றிலும் மிகுதியாகச் சிறு வள்ளங்கள் வழங்கப்பட்டன. வேறிடங்களில் வள்ளம் பெற்றும் வலை பெறாதோர் இருந்தனர். கொடுத்தவர் மனத்திற் குற்றமில்லை. யார் எங்கே என்ன கொடுத்தார் என்ற கணக்கே அவரிடம் இல்லை.

அக்கணக்கை எழுத முன்வந்தவர்கள் கணினித் தொழில் செய்வோர். கொழும்பிலுள்ள தனியார் மென்பொருள் நிறுவனங்களின் ஊழியர் பலர், சில நாட்களுக்குள் ஒன்றுகூடி, 'சஹனா' என்னும் மென்பொருளை ஆக்கினர். சஹனா என்பது நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல். காணாமற்போனோர், முகாம்கள், உதவும் நிறுவனங்கள், தேவைப்படும் பொருள்கள் எனத் தனித்தனிப் பதிவேடுகள் அதில் அமைந்தன. அதனை எவரும் விலையின்றிப் பயன்படுத்த விட்டமையால், 2005இல் பாகிஸ்தானிய நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. இலட்சக்கணக்கில் அள்ளிக் கொடுத்த கொடையினும் இப்பணியை யான் மேலாக மதிக்கின்றேன்.

அதே 2005 சனவரியில், மீள்கட்டுமானத்தை நடத்தவென அரசாங்கம் ஒரு செயலணியை அமைத்தது. அதில் அமர்ந்தோர் பெரும்பாலும் வணிகத் துறைத் தலைவர்கள். அலைவாய்ப்பட்ட மக்களின் குரல் அதில் இல்லை என்ற குறை அப்போதே எழுந்தது. ஆண்டின் இறுதியில் அதன் இடத்திற்கு வேறோர் அமைப்பு வந்தது.

நம் வாவியின் நிலையை எண்ணிப் பாருங்கள். கடல் பொங்கினால் எழுவான்கரை அழியும். மழை பெருகினால் படுவான்கரை நீருள் மூழ்கும், தெருக்கள் அறுபடும். மண்முனையில் 2014இல் பாலம் அமைந்தது. பாலமில்லாத துறைகளிலோ பாதையும் தோணியுமே துணை. தலைநகரிலிருந்து லொறி ஓட்டிவரும் சாரதி இதனை எங்ஙனம் அறிவார்? பெருந்தெருவோரத்து முகாமில் மூன்றாம் முறையாகவும் அரிசியை இறக்கிவிட்டுத் திரும்புவார். உட்கிராமத்துத் தாய் பால்மாவுக்குக் காத்திருப்பாள்.

கம்பனியார் தம் பெயர்ப்பலகையோடு படம் பிடித்துக்கொள்வதை யான் குறைகூறேன். நம் கோயிற் குழல்விளக்கிலும் உபயகாரர் பெயர் உண்டல்லவா? பொருளை இறக்குமுன் பிரதேச செயலகத்தில் ஒரு வரி பதிந்துவிட்டால் போதும். ஆலைக்காரரிடம் எத்தனை மூடை அரிசி, எவரிடம் லொறி, எந்தத் துறையில் எத்தனை தோணி, எந்தக் கடையில் குழந்தைகளுக்கான பால்மா என்ற பட்டியலை, உள்ளூர் வர்த்தகர் சங்கங்களும் கிராம உத்தியோகத்தரும் கூடியிருந்து, கார்த்திகை மழை தொடங்குமுன் எழுதிவைத்தல் வேண்டும். அதன் ஒரு பிரதி படுவான்கரையிலும் இருக்கட்டும். வெள்ளம் வந்தபின் அதனை அங்கே கொண்டுசேர்க்கவும் ஒரு தோணி தேடவேண்டியிருக்கும்.